மீன் தெரிகிற பெட்டி

கனகத்தின் நெத்திலிக் கருவாட்டைத் தின்னாத உத்தியோகஸ்தர் வீடு காரைக்காலில் குறைவு. தின்பதாக வெளியே சொல்லிக்கொள்ளும் வீடு அதைவிடக் குறைவு. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டுதான் அவர் பெட்டி செய்யக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

பிறந்தது கருக்களாச்சேரி. வாழ்க்கைப்பட்டது கிளிஞ்சல்மேட்டில், காத்தமுத்துவுக்கு. காத்தமுத்து அடுத்தவர் ஃபைபர் படகில் பங்குக்குக் கடலுக்குப் போகிறவர். கனகம் பல வருஷம் பச்சை மீனைக் கூடையில் சுமந்து அம்பகரத்தூர் வரைக்கும் தெருத் தெருவாக விற்றார். முட்டி தேய்ந்து நடக்க முடியாமல் போனபோது கருவாட்டுக்கு மாறினார்.

கருவாட்டில் அவருக்கு சில பிடிவாதங்கள் உண்டு. மணலில் காயப்போட மாட்டார். கம்பு நட்டுப் பழைய வலையை இழுத்துக் கட்டி, அதன்மேல் நெத்திலியை ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் பரப்புவார். காற்று மேலேயும் போக வேண்டும், கீழேயும் போக வேண்டும் என்பார். காய்ந்ததை உடனே அள்ளி மூட்டை கட்டமாட்டார். நிழலில் கொட்டிச் சூடு ஆறவிடுவார். சூட்டோடு உறையில் போட்டால் உள்ளே வேர்க்கும், வேர்த்த இடத்தில் பூசணம் பூக்கும். இதை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மூட்டை மூட்டையாகப் பாழாக்கித் தெரிந்துகொண்டார்.

எவ்வளவு சுத்தமாகச் செய்தாலும் கருவாட்டுக்கு அதன் வாசம் இருக்கத்தான் செய்யும். ஒருநாள் தனியார் பேருந்தில் கண்டக்டர் அவருடைய அலுமினிய அன்னக்கூடையைக் காலால் தள்ளி, கூரை மேலே ஏற்று, இல்லையென்றால் இறங்கு என்றார். கனகம் திரும்பிப் பார்த்தார். முந்தின நாள் அவரிடம் கருவாடு வாங்கி, இன்னும் ஒரு கை அள்ளிப் போடு என்று கேட்டு வாங்கிய அம்மாள் முன் இருக்கையில் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கனகம் இறங்கிக்கொண்டார்.

வாசம் வெளியே வராத பொட்டலம் வேண்டும் என்ற எண்ணம் அன்று பிடித்தது. வாங்குகிறவர்களும் அதைத்தான் கேட்டார்கள். பிள்ளை சென்னையில் விடுதியில் இருக்கிறான், மருமகன் துபாயில் இருக்கிறார், ரயிலில் கொண்டுபோக முடியவில்லை, விமானத்தில் ஏற்ற முடியவில்லை என்று ஆளுக்கொரு குறை. கனகம் முதலில் சாதாரணப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, ஆக்சா பிளேடை மெழுகுவத்தியில் சூடு காட்டி வாயை ஒட்டினார். மறுநாளே வாசம் கசிந்தது. கவரின் மேல் கவர் போட்டுப் பார்த்தார். அதுவும் நிற்கவில்லை. பிறகு காப்பித்தூள் கடைக்காரர் பயன்படுத்தும் சில்வர் கவரை வாங்கிவந்தார். ஒட்டின இடத்தில் ஒரு சுருக்கம் இருந்தாலும் வாசம் அதன் வழியாக வரும் என்று கண்டுபிடித்து, கையால் அழுத்தும் சீலிங் மெஷின் ஒன்றைப் பழைய சாமான் விலைக்குப் பிடித்தார். கவருக்கும் வெளிப் பெட்டிக்கும் நடுவில், கொட்டாங்கச்சிக் கரியை இடித்துத் துணியில் முடிந்து வைத்தார். தப்பித் தவறி வருகிற வாசத்தைக் கரி குடித்துவிடும். இப்படி ஒவ்வொன்றாகச் சேர்த்து முடிக்க ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் போயின.

முதல் பொட்டலம் துபாய் போய்ச் சேர்ந்து, அங்கே பிரிக்கிற வரைக்கும் யாருக்கும் தெரியவில்லை என்று தகவல் வந்ததும் காத்தமுத்துவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"நம்ம வூட்டுல மொதல்ல ஏரோப்ளேன் ஏறுனது நெத்திலிதான்" என்று படகுத்துறை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வெளிப் பெட்டிதான் வினையாகிப்போனது. காரைக்கால் கடைத்தெருவை ஒட்டிய சந்து ஒன்றில் வினோதினி என்கிற பெண் சின்ன அச்சுக்கூடம் நடத்துகிறார். கல்யாணப் பத்திரிகை, இனிப்புக் கடைப் பெட்டி, கையால் சோப்பும் ஊறுகாயும் செய்து விற்கிற பெண்களுக்கான அட்டை உறை என்று எல்லாம் அங்கே தயாராகும். தாமரையும் குத்துவிளக்கும் போட்ட பொதுப் பெட்டி ஒன்று அவரிடம் எப்போதும் ஓடும். எந்த இனிப்புக் கடையும் வாங்கித் தன் பெயரை ஒட்டிக்கொள்ளலாம். அதில் அச்சடிக்கும்போது நிறம் கோட்டைத் தாண்டி நகர்ந்துபோன பெட்டிகள் மீதமாகக் கிடக்கும். கனகம் அதை மலிவாக வாங்கி, மேலே "நெத்திலிக் கருவாடு, கிளிஞ்சல்மேடு" என்று அச்சடித்த சீட்டை ஒட்டினார்.

அந்தச் சீட்டை முதலில் எடுக்கச் சொன்னவர் திருஞானசம்பந்தம். அரசு அலுவலகம் ஒன்றில் மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர், அம்பகரத்தூரில் சொந்த வீடு. கனகம் கூடை சுமந்த காலத்திலிருந்து வாடிக்கை.

"பாத்தா மிட்டாய்ப் பொட்டி மாதிரியே இருக்கு கனகம், அப்பறம் அந்தச் சீட்டு எதுக்கு? பக்கத்து வூட்டுக்காரன் படிச்சுட்டு நாள் பூரா பேசுவான். எடுத்துட்டுக் குடு" என்றார்.

அவருக்கு எடுத்துக் கொடுத்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் கேட்டார்கள். கொஞ்ச நாளில் கனகம் சீட்டு ஒட்டுவதையே விட்டுவிட்டார். தாமரையும் குத்துவிளக்கும் போட்ட பெட்டிக்குள் நெத்திலி ஊர் ஊராகப் போயிற்று. வாங்குகிறவர்கள் அதை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் போனார்கள். கனகத்துக்கு வருமானம் வந்தது. பக்கத்து வீட்டுச் சின்னப்பிள்ளையையும் வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். சின்னப்பிள்ளை கணவனைச் சுனாமியில் இழந்தவர், தனி ஆள்.

பிறகு திருஞானசம்பந்தத்தின் மகளுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் முட்டை வாசம்கூட ஆகாத சைவம். வந்தவர்களுக்குக் கொடுக்கத் தாம்பூலப் பை தயாரானது. தேங்காய், வெற்றிலை பாக்கு, ஒரு பெட்டி லட்டு. லட்டு வாங்கிய கடையும் வினோதினியின் தாமரைப் பெட்டியையே பயன்படுத்துகிற கடை. அதே சமயம் ஹைதராபாதில் இருக்கிற மகனுக்கு என்று வாங்கிய நெத்திலிப் பெட்டிகள் அதே அறையில், அதே அலமாரியில் இருந்தன. பையில் அடுக்கிய கைகள் அவசரக் கைகள். ஒரு நெத்திலிப் பெட்டி பைக்குள் போயிற்று. அந்தப் பை மாப்பிள்ளையின் பெரிய அத்தை கைக்குப் போயிற்று.

கொஞ்சமாவது வாசம் வந்திருந்தால் யாராவது கண்டுபிடித்திருப்பார்கள். கனகத்தின் பொட்டலத்தில் வாசம் வராது. அத்தை அம்மாள் வீட்டுக்குப் போய், சம்பந்தி வீட்டு இனிப்பைச் சாமிக்குக் காட்டிவிட்டுச் சாப்பிடலாம் என்று பூஜை அறையில் விளக்கேற்றி, பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த கவரைக் கத்தரிக்கோலால் வெட்டினார்.

நிச்சயதார்த்தம் முறியவில்லை. மாப்பிள்ளை சிரித்துவிட்டார் என்றுகூடக் கேள்வி. ஆனால் திருஞானசம்பந்தம் தன் வீட்டில் கருவாடு எப்படி வந்தது என்று சம்பந்திகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். நாங்கள் கருவாடு தின்கிறவர்கள் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. லட்டுக் கடைக்குப் பெட்டி கொடுக்கிற இடத்தில் ஒரு மீன்காரி கலப்படம் செய்துவிட்டாள் என்று சொன்னார். சொன்னதை உண்மையாக்க, மறுநாள் ஸ்கூட்டரில் கிளிஞ்சல்மேட்டுக்கே வந்தார். தெருவில் நின்றுகொண்டு, வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் கேட்கும்படி பேசினார்.

"மிட்டாய்ப் பொட்டியில மீன அடச்சு ஊர ஏமாத்துறியா? ஒனக்கு நான் என்ன கெடுதல் பண்ணுனேன்?"

கனகம் வாசலுக்கு வந்தார். "சீட்ட எடுக்கச் சொன்னது யாரு சார்?"

"நான் சொன்னா? ஒனக்குப் புத்தி எங்க போச்சு?"

காத்தமுத்து வலையிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார். "பொட்டிய மாத்திப் பைக்குள்ள போட்டது ஒங்க வூட்டுக் கையா சார், எங்க வூட்டுக் கையா?"

திருஞானசம்பந்தம் ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு போனார். போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனார் போல. அந்த வாரத்துக்குள் காரைக்காலில் கனகத்துக்கு ஏமாற்றுக்காரி என்று பெயர் வந்துவிட்டது. இதில் பொறுக்க முடியாத விஷயம் ஒன்று உண்டு. அப்படிப் பேசினவர்களில் சிலரே ஆள் அனுப்பி, கருவாடு வேண்டும், பெட்டி மட்டும் பழையபடி தாமரைப் பெட்டியாகவே இருக்கட்டும் என்றார்கள்.

கனகம் மீதமிருந்த தாமரைப் பெட்டிகளை அடுப்பெரிக்கப் போட்டார். சின்னப்பிள்ளை தடுத்துப் பார்த்தார். நல்ல பெட்டி, யாருக்காவது கொடுக்கலாமே என்றார். கனகம் கேட்கவில்லை. இத்தனை நாள் ஒரு நல்ல பொருளைத் திருட்டுப் பொருள் மாதிரி ஒளித்து விற்றிருக்கிறோம் என்ற கோபம் அவருக்கு. மறுநாள் வினோதினியிடம் போய்த் தனக்கென்று ஒரு பெட்டி வேண்டும் என்றார். பெட்டியைப் பார்த்த மாத்திரத்தில் உள்ளே மீன் இருக்கிறது என்று தெரிய வேண்டும். தன் பெயரும் ஊர்ப் பெயரும் தூரத்திலிருந்து படிக்கிற அளவுக்கு இருக்க வேண்டும்.

வினோதினி கணினியில் ஒரு மீன் படம் எடுத்துப் போட்டுக் காட்டினார். வயிறு பருத்து, செதில் செதிலாக, குளத்துக் கெண்டை மாதிரி இருந்தது. கனகம் அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார். அடுத்த நாள் காலையில், படகிலிருந்து இறங்கின நெத்திலி நாலைந்தை ஐஸ் போட்டு டிபன் பாக்ஸில் கொண்டுவந்து, வினோதினியின் மேஜையில் வெள்ளைத் தாளை விரித்து அதன்மேல் வரிசையாகப் படுக்க வைத்தார். உடம்பின் பக்கவாட்டில் தலையிலிருந்து வால் வரை ஓடுகிற வெள்ளிக் கோட்டைக் காட்டினார். மூக்கு முன்னால் துருத்தியிருக்கும், வாய் அதற்குக் கீழே போயிருக்கும், கண் பெரிதாக இருக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். வினோதினி வரைந்தார். கண் பின்னால் போய்விட்டது என்றார் கனகம். திரும்ப வரைந்தார். இப்போது வால் தடித்துவிட்டது.

"பொண்ணு பாக்க வந்த மாதிரி இவ்ளோ கொற சொல்றீங்களே அக்கா. இந்த மீனுக்கு நீங்க மாமியாரா?" என்றார் வினோதினி.

"மாமியாருன்னா ரெண்டு கொறையோட வுட்டுருவா. நான் அத வித்துத் திங்கிறவ."

அந்தப் பெட்டிக்கு இரண்டு பேரும் நிறைய மெனக்கெட்டார்கள். வினோதினி முன்பக்கம் கண்ணாடித் தாள் ஜன்னல் வைக்கலாம், உள்ளே இருப்பது தெரியும் என்றார். வெளிச்சம் பட்டால் நெத்திலி மஞ்சளாகிக் காறிப்போகும் என்று கனகம் மறுத்தார். படத்திலேயே தெரியட்டும் என்றார். கடற்காற்றில் பசை விட்டுப்போகும், பசைக்குப் பூச்சியும் வரும். அதனால் பசையே இல்லாமல், மடிப்புக்குள் மடிப்பு செருகி நிற்கிற மாதிரி அட்டையை வெட்டினார் வினோதினி. நீளம் நெத்திலிக் கவருக்குச் சரியாக, ஒரு பக்கம் கரி முடிச்சுக்குத் தனி இடம். கருநீல அட்டையில் வெள்ளி மை. மீனின் பக்கக் கோடு வெளிச்சத்தில் திருப்பினால் மின்னியது. அதன் கீழே "நெத்திலிக் கருவாடு" என்று பெரிதாக. அதற்கும் கீழே "கனகம், கிளிஞ்சல்மேடு."

முதல் பெட்டியைக் கையில் வாங்கியபோது கனகம் அதை உடனே மடித்துப் பார்க்கவில்லை. தன் பெயரைப் படித்தார். அவர் பெயர் அச்சில் வந்தது ரேஷன் அட்டையில், வாக்காளர் அட்டையில். அதெல்லாம் யாரோ கொடுத்தது. இது அவர் செய்த பொருளின் மேல் இருந்தது.

புதுப் பெட்டி வந்த பிறகு உள்ளூர் வாடிக்கை பாதியாகக் குறைந்தது. அந்தச் சமயத்தில்தான் சிவசுப்பிரமணியன் வந்தார். கையால் செய்த பொருள்களை வாங்கி விற்கிற மையம் ஒன்றைக் காரைக்கால் கடற்கரைச் சாலைப் பக்கம் தொடங்கவிருந்தார். சோப்பு, மெழுகுவத்தி, ஊறுகாய், பனங்கற்கண்டு எல்லாம் அங்கே அழகான உறைகளில் வரப்போகின்றன என்று பேச்சு. வினோதினிதான் கனகத்தைப் பற்றி அவரிடம் சொல்லியிருந்தார். மரியாதையான மனிதர். வாங்க போங்க என்றுதான் பேசுவார். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூக்குக்குப் பக்கத்தில் வைத்து முகர்ந்தார். ஒன்றும் வரவில்லை என்று தலையாட்டினார். மாதாமாதம் நிரந்தரமாக எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

கனகத்துக்கும் சின்னப்பிள்ளைக்கும் அது சின்ன விஷயம் இல்லை. நிரந்தர வாங்குதல் என்றால் மழைக்காலத்துக்கும் சேர்த்து இப்போதே காயவைத்து வைக்கலாம். இன்னும் ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொள்ளலாம். யார் வீட்டு வாசலிலும் நிற்க வேண்டாம்.

சிவசுப்பிரமணியனுக்குப் பெட்டியில் ஒரே ஒரு குறைதான். மீன். தன் கடைக்கு வருகிறவர்கள் புதுச்சேரியிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வருகிறவர்கள், சோப்புக்கும் மெழுகுவத்திக்கும் பக்கத்தில் செத்த மீன் படத்தைப் பார்த்தால் முகம் சுளிப்பார்கள் என்றார். கிளிஞ்சல்மேடு என்ற பெயரும் அவர்களுக்கு ஒன்றையும் சொல்லாது என்றார். அதற்குப் பதிலாக ஒரு அலை போடலாம், நீல அலை, பெரிதாக. அலைக்குக் கீழே சுனாமியிலிருந்து மீண்ட பெண்கள் செய்தது என்று ஒரு வரி. மனதைத் தொடும், உடனே எடுப்பார்கள் என்றார். அதோடு, இவ்வளவு நேரம் பேசினவர் சாதாரணமாகவே கேட்டார்.

"ஒங்க வீட்டுல யாரும் போயிட்டாங்களாம்மா, அப்ப?"

கேட்டதற்குப் பதில் சொல்லித்தான் பழக்கம். "மவ. முத்தமிழு" என்றார் கனகம்.

சுனாமி வந்த அன்று ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லை. இருந்திருந்தால் முத்தமிழ் கரையில் இல்லாமல் உள்ளே ஊருக்குள் இருந்திருப்பாள். இது கனகம் இருபது வருஷமாக யாரிடமும் வாய் திறந்து சொல்லாத கணக்கு. சிவசுப்பிரமணியனிடமும் சொல்லவில்லை. அலை வேண்டாம், மீன் இருக்கட்டும் என்று மட்டும் சொன்னார். அவர் வற்புறுத்தவில்லை. சரிம்மா, பெட்டியைக் கொடுங்கள், திறப்பு விழாவில் வைத்துப் பார்க்கலாம் என்றார். அடுக்கி வைத்திருந்த பெட்டி அத்தனையும் வண்டியில் ஏறின.

அன்று சாயங்காலம் சின்னப்பிள்ளைக்கும் கனகத்துக்கும் பேச்சு தடித்தது. படத்தில் என்ன இருக்கிறது, அலை என்றால் அலை, நாம் பார்க்காத அலையா என்றார் சின்னப்பிள்ளை. தன் கணவன் பெயரைச் சொல்லி நாலு பேர் வாங்கினால் அதில் தப்பு ஒன்றும் இல்லை, செத்தும் ஒரு வேளை சோறு போட்டதாக இருக்கட்டும் என்றார். சின்னப்பிள்ளை பசியைப் பார்த்தவர். அவர் சொன்னதில் பொய் இல்லை.

திறப்பு விழா அன்று இரண்டு பேரும் நல்ல சேலை கட்டிக்கொண்டு போனார்கள். வாசலில் தோரணம், உள்ளே மரத் தட்டுகள், மஞ்சள் விளக்கு. சோப்பு சோப்பு மாதிரி இருந்தது. ஊறுகாய்ப் பாட்டிலில் மாங்காய் படம் இருந்தது. மெழுகுவத்தி உறையில் மெழுகுவத்தி படம் இருந்தது. கனகத்தின் பெட்டிகள் நடுத் தட்டில் இருந்தன. மீனைக் காணவில்லை. மீன் இருந்த இடத்தையும் பெயர் இருந்த இடத்தையும் சேர்த்து மூடி, பளபளவென்று ஒரு ஸ்டிக்கர். அதில் நீல அலை. அலைக்குக் கீழே, "சுனாமியில் மகளைப் பறிகொடுத்த ஒரு தாயின் கைவண்ணம்."

சின்னப்பிள்ளைதான் முதலில் எழுத்துக் கூட்டிப் படித்தார். படித்துவிட்டு, வாங்க போயிடலாம் என்று கனகத்தின் கையைப் பிடித்தார். கனகம் கையை உதறிவிட்டு மேல் பெட்டியை எடுத்தார். நகத்தால் ஸ்டிக்கரின் ஓரத்தை நெம்பி உரித்தார். நல்ல பசை போட்ட ஸ்டிக்கர். அட்டையின் மேல் தோலோடு சேர்ந்து வந்தது. வெள்ளி மையும் வந்தது. மீனின் தலை போய் வால் மட்டும் நின்றது. அதைக் கீழே வைத்துவிட்டு அடுத்த பெட்டியை எடுத்தார்.

சிவசுப்பிரமணியன் ஓடிவந்தார். சிறப்பு விருந்தினர் வருகிற நேரம் என்றார். ஸ்டிக்கர்தானே அம்மா, பெட்டியில் கை வைக்கவில்லையே என்றார். கனகம் உரிப்பதை நிறுத்தவில்லை.

"எம் மவளப் போட்டிருக்கீங்க."

"மரியாதையாத்தானேம்மா போட்டிருக்கு. பேரு கூடப் போடல."

கனகத்தின் கை அப்போது நின்றது.

"கடலு எங்களக் கொன்னதப் போடலாம். கடலு எங்களுக்குக் குடுக்கிறதப் போடக் கூடாது. அப்படித்தானே சார்? மீனப் பாத்தா மொகம் சுளிக்கிறவுங்க, செத்த புள்ளயப் பாத்தா மட்டும் எப்படிக் காசு எடுக்குறாங்க?"

சோப்புத் தட்டுக்குப் பக்கத்தில் நின்ற பெண்கள் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். சிவசுப்பிரமணியன் குரலைத் தாழ்த்தி, மகள் வரியை எடுத்துவிடுகிறேன், அலை மட்டும் இருக்கட்டும், நிரந்தர வாங்குதல் போய்விடக் கூடாதில்லையா என்றார். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார் என்று வினோதினி இன்றைக்கும் சொல்கிறார். இருக்கலாம். ஒருவரின் பொருளின் மேல் அவர் வேண்டாம் என்று சொன்னதை, அவருக்குத் தெரியாமல் ஒட்டுகிற எண்ணத்தில் நல்லது எங்கே இருக்கிறது என்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. கனகம் நெத்திலி விற்க வந்தார். முத்தமிழை விற்க வரவில்லை. இந்த வித்தியாசம் தெரிய ஒருவர் கடற்கரையில் பிறந்திருக்க வேண்டியதில்லை.

கனகம் சின்னப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். இது இரண்டு பேருடைய பிழைப்பு. சின்னப்பிள்ளை ஒரு சாக்கை எங்கிருந்தோ கேட்டு வாங்கிவந்து, உரித்த பெட்டி, உரிக்காத பெட்டி எல்லாவற்றையும் அதில் எடுத்துப் போட்டார். போடும்போதே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். கனகத்தையும் திட்டினார், சிவசுப்பிரமணியனையும் திட்டினார். வாசலில் சிறப்பு விருந்தினரின் கார் வந்து நின்றபோது, இரண்டு பேரும் சாக்கை ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு அதே வாசல் வழியாக வெளியே வந்தார்கள்.

அந்தக் கடை நன்றாக ஓடுகிறது. நடுத் தட்டில் இப்போது வேறு ஊர்க் கம்பெனி ஒன்றின் கருவாடு இருக்கிறது. கறுப்பு உறை, தங்க எழுத்தில் ஒரு ஆங்கிலப் பெயர். உள்ளே என்ன இருக்கிறது என்று பின்பக்கத்தில் எறும்பு அளவு எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அதைக் கூச்சமில்லாமல் வாங்குகிறார்கள். அதன் உள்ளே இருப்பதும் மீன்தான். காயவைத்ததும் ஏதோ ஒரு கடற்கரைப் பெண்தான். அவள் பெயர் அதில் இல்லை. அதனால் யாருக்கும் சங்கடம் இல்லை.

கிழிந்த பெட்டிகளை வினோதினியிடம் கொண்டுபோனபோது, சும்மாவே புதிதாக அடித்துத் தருகிறேன் என்றார் அவர். கனகம் சம்மதிக்கவில்லை. அட்டைக்கும் மைக்கும் கொடுத்துவிட்டுத்தான் வாங்கிவந்தார். இப்போது வீட்டிலிருந்தே விற்கிறார். சின்னப்பிள்ளை கூடவே இருக்கிறார், பேச்சை விடவில்லை. அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்றைக்கு மூன்று பேருக்கு வேலை என்று நினைத்துக்கொண்டாற்போலச் சொல்லிக் காட்டுவார். கனகம் ஆமாம் என்பார். ஆமாம் என்று சொல்லிக்கொண்டே அடுத்த கவருக்கு வாய் ஒட்டுவார்.

வாங்க வருகிறவர்கள் வருகிறார்கள். துபாய்க்குப் போகிறது, ஹைதராபாதுக்குப் போகிறது. சிலர் வரும்போதே பெரிய துணிப்பை கொண்டுவருகிறார்கள். பெட்டியை வாங்கின கையோடு, மீன் தெரியாமல் அதற்குள் போட்டுக்கொள்ள. இதற்குக் கனகம் ஒரு விதி வைத்திருக்கிறார்.

போன மாதம் ஒரு அம்மாள் காரில் வந்தார். தெருமுனையிலேயே காரை நிறுத்திவிட்டு நடந்து வந்தார். இரண்டு பெட்டி கேட்டார். காசைக் கொடுத்துவிட்டுப் பையின் வாயை விரித்தார்.

"பையில வேண்டாம்மா. கையில எடுத்துட்டுப் போங்க" என்றார் கனகம்.

அந்த அம்மாளுக்குப் புரியவில்லை. விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார்.

"எங்க தெருவத் தாண்டுற வரைக்கும் கையில வெச்சுக்கிங்க. கார்ல ஏறுன பெறகு பையில போடுங்க, தலகாணி ஒறையில போடுங்க, ஒங்க இஷ்டம். எங்க கண்ணு முன்னால மறைக்காதீங்க."

அந்த அம்மாள் பெட்டியையும் தெருவையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் சிவந்தது. பெட்டியை வைத்துவிட்டுக் காசைத் திரும்ப வாங்கிக்கொண்டு, விரித்த பையை மடித்துக் கக்கத்தில் வைத்தபடி நடந்து போனார்.

"போச்சு, ரெண்டு பொட்டி" என்றார் சின்னப்பிள்ளை.

கனகம் இரண்டு பெட்டியையும் எடுத்து, மீன் வெளிப்பக்கம் பார்க்கும்படி அடுக்கில் வைத்தார். பிறகு சீலிங் மெஷினைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.